இரங்கல் கூட்டம் இசைக்குழுவின் உண்மை வரலாறு

இரங்கல் கூட்டம் என்ற இசைக்குழு கருத்து வேறுபாட்டால் கலைந்தது என்று பெங்களூரிலிருந்து வரும் ஒரு பளபளப்பான பத்திரிகை எழுதியிருக்கிறது. துண்டறிக்கைகள் படித்து எழுத்துக் கற்றவன் நான், துண்டறிக்கைகள் எழுதி முடி நரைத்தவன். கருத்து வேறுபாடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். இரண்டு பக்கமும் கருத்து இருந்தால்தான் அது வரும். அந்தப் பத்திரிகையின் அட்டையில் குழுவின் கிதார்க்காரன் ககாரின், கண்ணாடி மாளிகை ஒன்றின் மொட்டை மாடியில் கிதாரோடு நின்று சிரிக்கிறான். நன்றாக இருக்கட்டும். நடந்ததை நான் எழுதுகிறேன்.

திருவொற்றியூரைத் தாண்டி, கடலுக்கும் ரயில் பாதைக்கும் நடுவில், பட்டா செய்யும் ஆலை ஒன்று இருந்தது. நிலப் பட்டா அல்ல, அது எங்களில் எவனுக்கும் கிடையாது. லாரியின் அச்சுக்கு மேலே வில்லாக வளைத்த எஃகுத் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டியிருப்பார்களே, ஏற்றுகிற பாரம் முழுவதையும் வாங்கிக்கொண்டு முனகாமல் கிடக்குமே, அந்தப் பட்டா. ஆலையின் நடுவில், தரைக்குக் கீழே ஆழமான குழியில் காலை ஊன்றி நின்ற பெரிய பிரஸ்ஸை நாங்கள் மாமியார் என்று கூப்பிடுவோம், எப்போது மேலே விழுவாள் என்று சொல்ல முடியாது என்பதால். அவள் தகட்டின்மேல் இறங்கும் சத்தம் காதில் கேட்காது, உள்ளங்காலில் கேட்கும். ஊர்க் குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கின. முதலாளி வாசலில் பூட்டைத் தொங்கவிட்ட அன்று சத்தம் நின்றது, தொட்டிலில் கிடந்தவை எல்லாம் ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டு அழுதன.

வழக்குப் போட்டோம். பிரஸ் குழியில் நிற்கும்வரை ஆலை மூடப்பட்டதாகாது, நிறுத்தி வைக்கப்பட்டதாகவே கருதப்படும் என்று நீதிமன்றம் சொன்னது. அதாவது மாமியார் இருந்தால் வேலைக்கு வழி உண்டு, மாமியார் வெளியே போனால் எல்லாம் போச்சு. முதலாளியோ நிலத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கு விற்க ஏற்பாடு செய்துவிட்டான். அன்றிலிருந்து சங்கத்தின் வேலை ஒன்றே ஒன்றுதான்: மாமியாரை வெளியே விடாதே.

இசைக்குழு பிறந்தது அந்தக் குழிக்குள்தான். பின்சுவர் உடைசல் வழியாக ஒரு மதியம் பார்வையிடப் போனேன். கீழே மூன்று பேர். சங்க அலுவலகத்திலிருந்து எனக்குத் தெரியாமல் ஒயர் இழுத்து, என் உயரத்துக்கு இருந்த ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். கிதார் வைத்திருந்தவன் ககாரின், உலைக்காரர் ஏசுவடியானின் மகன். விண்வெளியில் எடையற்று மிதந்த முதல் மனிதனின் பெயரை, கொடிக்கம்பத்துக்குக் கீழே வைத்து அவனுக்குச் சூட்டியவன் நான். பாஸ் கிதார் வேதாச்சலம், வாயைத் திறக்காத பையன். மூன்றாவது, கேன்டீன் ரஹமத்துல்லாவின் மகள் தில்ஷாத். கழித்துக் கட்டிய பட்டாக்களைச் சங்கிலியில் வரிசையாகத் தொங்கவிட்டுச் சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தாள்.

"இங்க இன்னாடா பண்றீங்க?"

"பிராக்டிஸ் தோழர்" என்றான் ககாரின். "நாங்க அண்டர்கிரவுண்ட் பேண்ட்."

அண்டர்கிரவுண்ட். எங்கள் இயக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு: தலைமறைவு. அதைச் சொல்லிக்கொண்டு வந்தவர்களுக்கு நாங்கள் சோறு போட்டிருக்கிறோம், பொய்ச் சாட்சி சொல்லியிருக்கிறோம். சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தி, "எந்தக் கேஸ்ல?" என்று கேட்டேன்.

தில்ஷாத் சம்மட்டியைப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "கேஸ்லாம் இல்ல தலைவரே. பாட்டைக் கேட்டா போடுவாங்க."

இன்டஸ்ட்ரியல் டூம் மெட்டல் என்று அதற்குப் பெயராம். முதல் சொல்லும் கடைசிச் சொல்லும் எங்கள் தொழில், புரிந்தது. நடுவில் இருப்பது என்ன என்று கேட்டேன்.

"அழிவு தோழர். கடைசிக் காலம்."

"அது எப்ப வருதாம்?"

"நம்ம தெருவுக்கு வந்தாச்சே."

அரசியல் தெளிவுள்ள பையன் என்று நினைத்தேன். கிதாரைத் தடவிப் பார்த்தேன். கழுத்து நல்ல கருங்காலி மரம் என்றான் பெருமையாக. வேலைநிறுத்தத்தின்போது முதலாளிக்கு வேலை செய்யப் போகிறவனை நாங்கள் கருங்காலி என்போம். சங்கத்து ஒயரில் வாசித்துக்கொண்டு அந்தச் சொல்லைச் சொல்லாதே என்று அதட்டிவிட்டு மேலே ஏறி வந்தேன்.

குழுவுக்குப் பெயர் எங்கள் அறிவிப்புப் பலகையிலிருந்து வந்தது. பூட்டுப் போட்ட பிறகு தோழர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள், பலகையில் வேறு எதையும் எழுத இடமில்லாமல் "இரங்கல் கூட்டம்" என்ற எழுத்து மட்டும் அழியாமல் நின்றது. அதையே பெயராக வைத்து, "இரங்கல் கூட்டம், ஞாயிறு காலை, ஆலை வாசல்" என்று சுவரொட்டி ஒட்டினார்கள். ஊர் திரண்டு மாலையோடு வந்தது. யார் போனது என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். கிரேன் ஓட்டுநர் தாண்டவராயன் தன் பெயரைச் சொல்லி அழுதுகொண்டு வந்த தங்கையைப் பார்த்து, "அடியே, உயிரோட நிக்கிறேன்டி" என்று கத்தினார்.

ஸ்பீக்கர் பெட்டிகளை வாசலில் வைத்திருந்தார்கள். ககாரின் தடித்த நரம்புக்குப் பதிலாக ஆலைக் குப்பையில் கிடந்த ஸ்பிரிங் கம்பி ஒன்றைக் கட்டியிருந்தான். "இறக்குடா, இன்னும் இறக்கு" என்று தில்ஷாத் சொல்லச் சொல்ல, அவன் முறுக்காணியைத் தளர்த்திக்கொண்டே போனான். சுருதி தவளைக்குரலைத் தாண்டி, லாரி உறுமலைத் தாண்டி, கீழே கீழே போய், மாமியார் தகட்டின்மேல் இறங்கும் அந்தச் சத்தத்தில் போய் நின்றது. ஊரின் உள்ளங்கால்கள் அதை அடையாளம் கண்டுகொண்டன. அப்போது எல்லாம் கனத்தது. கையில் இருந்த மாலைகள் கைகளைக் கீழே இழுத்தன, மின்கம்பியில் உட்கார்ந்திருந்த காக்கைகள் ஒவ்வொன்றாக இறங்கி நடக்க ஆரம்பித்தன, பட்டம் ஒன்று விழுந்து தெருவின் தார் பெயர்ந்தது, கொடிக்கம்பத்தில் கொடி காற்றைப் பொருட்படுத்தாமல் தொங்கியது. மாலைகளைத் தரையில் வைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தார்கள். ஒருவரும் ஆச்சரியப்படவில்லை. "கம்பெனி ஓடுனப்ப இப்படித்தான் இருந்துச்சு" என்றார் தாண்டவராயன். மற்றவர்கள் தலையை ஆட்டினார்கள், மெதுவாகத்தான் ஆட்ட முடிந்தது.

அதன் பிறகு ஞாயிறுதோறும் வாசித்தார்கள், ஊர் அந்தக் கனத்தோடு குடும்பம் நடத்தப் பழகிக்கொண்டது. ஞாயிறு காலையில் இட்லிக் கடை அமலோற்பவம் ஓர் ஆளுக்கு ஓர் இட்லிக்கு மேல் போடமாட்டாள், இரண்டாவது வயிற்றில் கல்லாகக் கிடக்கும் என்பாள்; மாதா கோயில் சாமியார் பூசையை விடியற்காலைக்கு மாற்றினார், நற்கருணைப் பாத்திரத்தைத் தூக்க முடியாததால்; நிறைமாதப் பெண்கள் சனிக்கிழமையே தாய்வீட்டுக்குப் பேருந்து ஏறினார்கள்; மீன்காரிகள் கூடையைத் தலையில் வைக்காமல் தரையில் இழுத்து வந்தார்கள்; ரேஷன் கடையில் மட்டும் எதுவும் மாறவில்லை, அரிசியோடு எடைக்கல்லும் சேர்ந்து கனத்ததால். காதலிக்கிறவர்கள் பேசிய சிறு பொய்யும் பாரமாகி நாக்கிலேயே தங்கிவிட்டதால், ஞாயிற்றுக்கிழமை பேச்சுவார்த்தை நடத்திய கல்யாணங்கள் எல்லாம் நிலைத்தன. கனம் உடனே போகாது, மழை விட்ட பிறகும் மரத்தில் தங்கும் ஈரம்போல மறுநாள்வரை ஊரில் இருக்கும். திங்கட்கிழமை காலை எழுந்து நடக்கிறவன் ஒவ்வொருவனும் வேலைக்குப் போய் வந்தவன்போல நடந்தான். வேலையில்லாத ஊருக்கு அது எவ்வளவு பெரிய மரியாதை என்பது பத்திரிகைக்காரனுக்குத் தெரியாது.

முதலாளியின் ஆட்கள் மாமியாரைத் தூக்கக் கிரேன் கொண்டுவந்தபோது நான் குழிக்குள் சொல்லியனுப்பினேன். குழு வாசித்தது. கிரேனின் கொக்கி மாமியாரைப் பிடித்தது, இழுத்தது, மாமியார் அசையவில்லை, கிரேனின் பின்சக்கரங்கள்தான் தரையை விட்டு எழுந்தன. போலீஸ் வந்தது. வாசலில் உட்கார்ந்திருந்த எங்களை வண்டியில் ஏற்ற வேண்டுமாம். ஒரு தோழரின் கையையும் காலையும் பிடித்து எத்தனையோ பேர் முக்கினார்கள். இன்ஸ்பெக்டர் தடியடிக்கு உத்தரவிட்டார், போலீஸ்காரர்கள் லத்தியை ஓங்கப் பார்த்தார்கள், முழங்காலுக்கு மேல் அது எழவில்லை, ஒவ்வொருவராகக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்கினார்கள். "தண்ணி குடிக்கிறியா நைனா?" என்று குழியிலிருந்து ஏறி வந்த தில்ஷாத் ஒருவரைக் கேட்டாள். என் பொதுவாழ்வில் அதைப்போல ஒரு காலை வந்ததில்லை.

பெயர் பரவியது. பெங்களூரிலிருந்தும் ஷில்லாங்கிலிருந்தும் கறுப்புச் சட்டை போட்ட பிள்ளைகள் ரயிலேறி வந்தார்கள். கூந்தலை முன்னால் போட்டுக்கொண்டு தலையைச் சுழற்ற முயன்று, கழுத்தைத் தூக்க முடியாமல், மார்பில் முகவாயைப் பதித்தபடி நின்றார்கள். சாமி வந்திருக்கிறது என்று அமலோற்பவம் அவர்களுக்கு மோர் கொடுத்தாள். பதிவு செய்து கொண்டுபோனவர்களும் உண்டு. பதிவில் சத்தம் இருந்தது, கனம் இல்லை. கனம் வேண்டுமென்றால் எங்கள் வாசலுக்குத்தான் வர வேண்டும்.

இரண்டாவது முறை கிரேன் வந்தது. இப்போது இரண்டு கிரேன்கள், சங்கிலிகள், வெளியூர் ஆட்கள். குழு குழிக்குள் உச்சத்தில் வாசித்துக்கொண்டிருந்தபோது, வாசல் வரிசையில் முதல் ஆளாக உட்கார்ந்திருந்த ஏசுவடியான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆம்புலன்ஸ் வந்தது. ஸ்ட்ரெச்சரில் கிடத்தினார்கள், தூக்க முடியவில்லை. ஊரே சேர்ந்து பிடித்தும் எழவில்லை. அவர் உதடு அசைந்தது. பக்கத்தில் இருந்தவன் நான். குழியின் விளிம்புக்குப் போய்க் கீழே சத்தமாகச் சொன்னேன்: "நிறுத்தாதடான்னு சொல்றார்டா உங்கப்பா!"

கிரேன்கள் திரும்பிப் போகும்வரை ககாரின் வாசித்தான். அதற்குள் ஏசுவடியான் போய்விட்டார். மறுநாள் சவப்பெட்டியைத் தூக்கத் தெருவில் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். "பாரம் தாங்கிய தியாகி" என்று தலைப்பிட்டு நான் எழுதிய அறிக்கை எண்ணூர்வரை விநியோகிக்கப்பட்டது. அதைப் படித்து அழாத தொழிலாளி இல்லை.

சில வாரம் கழித்து ககாரின் டீக்கடையில் என் எதிரே வந்து உட்கார்ந்தான்.

"தோழர், எங்கப்பா நிறுத்துடான்னு சொன்னாரா, நிறுத்தாதடான்னு சொன்னாரா?"

"நிறுத்தாதடா."

"நல்லாக் கேட்டுச்சா?"

"என் காதுல என்ன குறை?"

அவன் டீயைக் குடித்தான். காசை வைத்துவிட்டு எழுந்து போனான். போராட்டத்தில் வளர்ந்த பையன், புரிந்துகொண்டான் என்றே எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் நிரஞ்சன் வந்தான். வெள்ளைச் சட்டை, வெள்ளை ஷூ, யாரைப் பார்த்தாலும் "ப்ரோ". பெரிய பெரிய மேடைகளில் நிகழ்ச்சி நடத்துகிறவன் என்று சொல்லிக்கொண்டான். அவனுக்குப் படியளப்பது நிலத்தை வாங்கக் காத்திருந்த அந்த அடுக்குமாடிக் கம்பெனிதான் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிறு முழுக்க நின்று கேட்டான். ஷூவைத் தூக்கிவைக்க முடியாமல் அங்கேயே கழற்றிவிட்டு வெறுங்காலோடு டீக்கடைக்கு வந்து, எல்லோருக்கும் கேட்கும்படியே சொன்னான்: "செம கனம் ப்ரோ. ஆனா இதை எந்த மேடையும் தாங்காது. கொஞ்சம் ஏத்தி வாசிச்சுப் பாருங்களேன்."

லோடுமேன்களுக்குச் சங்கம் கட்டியவன் நான். ஏத்து, இறக்கு, இந்த இரண்டு சொற்களின் நடுவில் என் வாலிபம் போயிருக்கிறது. ககாரினைத் தனியே அழைத்துச் சொன்னேன்: "அவன் ஏத்தச் சொல்றது சுருதியை இல்லடா. மாமியாரை லாரில ஏத்தச் சொல்றான்."

"எனக்குத் தெரியும் தோழர்."

தெரிந்தால் சரி என்று தோளில் தட்டினேன். இன்றைக்கும் அந்த உள்ளங்கையைப் பார்த்தால் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

மே தினம் வந்தது. காலையிலேயே வாசல் நிறைந்துவிட்டது. ஏசுவடியானின் மனைவி லூர்து, அடக்கம் முடிந்ததிலிருந்து தினமும் வந்து உட்காரும் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். தெருமுனையில் ஒரு காலி லாரி நின்றது, நான்கு ஆட்கள் அதன் நிழலில் உட்கார்ந்து பீடி பிடித்தார்கள். கிரேன் இல்லை. கிரேன் இல்லாமல் என்ன கிழிக்கப் போகிறார்கள் என்று நாங்கள் சிரித்துக்கொண்டோம். நான் கொடிக்கயிற்றைக் கையில் எடுத்தேன். குழிக்குள் ககாரின் கம்பியைச் சுருதி கூட்டுகிற சத்தம் கேட்டது. கேட்டுக்கொண்டே இருந்தது. அது கீழே போகவில்லை.

கயிற்றை விட்டுவிட்டுக் குழியின் விளிம்புக்கு ஓடினேன். "இறக்குடா!" என்று கத்தினேன். "டேய், இறக்கு!"

அவன் நிமிர்ந்து பார்த்தான். முறுக்காணியை விடாமல் முறுக்கிக்கொண்டே, "இன்னிக்கு ஏத்துற நாள்தானே தோழர்" என்றான்.

கம்பி ஆலைச் சங்கின் உயரத்துக்குப் போய், குயிலின் உயரத்துக்குப் போய், அதற்கும் மேலே கண்ணாடி வளையல் ஒலிக்கிற இடத்துக்குப் போனது, அவன் விரல் வைத்தான், எல்லாம் லேசாயிற்று. கொடி தானாகவே கம்பத்தின் உச்சிக்குப் போனது. என் தோள்பையிலிருந்து மே தின அறிக்கைகள் ஒவ்வொன்றாக எழுந்து, கொக்குக் கூட்டம்போல வரிசை பிடித்துக் கடல் பக்கம் பறந்தன. முழங்கால் வலிக்காரர்கள் எழுந்து நின்றார்கள், பிறகு குதித்துப் பார்த்தார்கள், பிறகு குதித்துக்கொண்டே இருந்தார்கள். தாண்டவராயன் தன் தங்கையை ஒரு விரலால் தூக்கிச் சுற்றினார். அமலோற்பவத்தின் இட்லிகள் தட்டிலிருந்து மிதந்தன, பிள்ளைகள் எட்டி எட்டி வாயாலேயே கவ்வின. லூர்து உட்கார்ந்த இடத்திலிருந்து ஒரு சாண் உயர்ந்தாள், முகத்தை வானத்துக்குக் காட்டி, "அப்பாடா" என்றாள். போலீஸ் தடியை நான் தாங்கியிருக்கிறேன், சிறையைத் தாங்கியிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியவில்லை.

நான்கு ஆட்களும் பீடியை அணைத்துவிட்டுப் பின்சுவர் வழியாக உள்ளே போனார்கள். மாமியாரைத் தோளில் வைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள். ஒருவன் ஒரு கையால் தாங்கிக்கொண்டு மறு கையில் போன் பேசினான். அவர்களுக்கு வாசலைத் திறந்துவிட்டது யார்? எங்கள் ஆட்கள். சங்கத்தின் துணைத்தலைவர் முதலாக எல்லோரும் சிரித்துக்கொண்டே கைகொடுத்தார்கள். "பார்த்துப்பா, பார்த்து, மாமியார் தலையை இடிச்சுக்கப் போறா!" "இவளுக்கா இத்தினி வருஷம் பயந்தோம்?" தேர் இழுக்கும் சந்தோஷத்தில் தங்கள் வேலையைத் தாங்களே தள்ளிக்கொண்டு போனார்கள். "அது போச்சுன்னா வழக்குப் போச்சுடா!" என்று கத்தினேன். ஒருவன்கூடத் திரும்பவில்லை. கால்கள் தரையை விட்டு எழுந்துவிட்டதால் நான் கொடிக்கம்பத்தைக் கட்டிக்கொண்டு கிடந்தேன்.

வாசித்துக்கொண்டே ககாரின் குழியிலிருந்து எழும்பி வந்தான். தரைக்கு மேலே.

"கருங்காலி" என்றேன்.

"ஆமா தோழர்." விரலை எடுக்கவில்லை. "எங்கப்பாவைத் தூக்க முடியல. நீங்க நோட்டீஸ் அடிச்சீங்க."

அதற்குப் பதிலை இங்கே சொல்கிறேன்: அந்த நோட்டீஸில் ஓர் எழுத்துப்பிழை கிடையாது.

மாமியார் லாரிக்குள் போனாள். டிரைவர் இஞ்சினைக் கிளப்பினான். அப்போதுதான் தில்ஷாத் மேலே வந்தாள். கண்ணை மூடிக்கொண்டு, தனக்குப் பின்னால் மாமியார் எழுந்து போனதுகூடத் தெரியாமல் குழிக்குள் பட்டாவைத் தட்டிக்கொண்டிருந்தவள், லாரியைப் பார்த்தாள், மிதக்கிற ஜனத்தைப் பார்த்தாள், ககாரினைப் பார்த்தாள்.

"இன்னாடா பண்ணி வச்சிருக்கே?"

"விடு தில்லு. எல்லாரும் சிரிக்கிறாங்க பாரு."

"அதான் கேக்குறேன், இன்னா பண்ணி வச்சிருக்கே?"

அவள் திரும்பக் குழிக்குள் குதித்தாள். இருப்பதிலேயே தடித்த பட்டாவின்மேல், இரண்டு கையாலும் சம்மட்டியை ஓங்கி ஒரே ஓர் அடி அடித்தாள். ககாரினின் கம்பி அறுந்தது. கனம் மொத்தமும், இத்தனை ஞாயிறுகளின் கனமும், ஒரே கணத்தில் ஊர்மேல் இறங்கியது. குதித்தவர்கள் குதித்த இடத்தில் விழுந்தார்கள். லூர்து தரையில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். கொடி சரசரவென்று இறங்கி என் தலையில் விழுந்தது. லாரிக்குள் மாமியார் மாமியாராகவே ஆனாள். லாரி உட்கார்ந்தது, டயர்கள் சப்பையாகிப் பிதுங்கின, அடிப்பாகம் தெருவைத் தொட ஒரு விரல் இருந்தது.

"உடையும்!" என்று நான் கத்தினேன். "பட்டா உடையும், பாருங்க!"

இப்போது எல்லோருக்கும் புரிந்துவிட்டது. ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. துணைத்தலைவர் கைகூப்பினார். உடைந்தால் லாரி நகராது, லாரி நகராவிட்டால் மாமியார் எங்கள் தெருவில் இருக்கிறாள், திரும்பக் குழிக்குள் இறக்கிவிடலாம், வழக்கு இருக்கிறது. நான் வயிற்றால் ஊர்ந்து போய்ப் பின்சக்கரத்துக்கு உள்பக்கம் தலையை விட்டேன். வில்லாக வளைந்திருந்த பட்டா நேராகியிருந்தது, நேரானதையும் தாண்டி எதிர்ப்பக்கம் வளைந்திருந்தது, எந்த எஃகும் அதற்குமேல் வளையாது. தகட்டின் ஓரத்தில் அழுக்கைத் துடைத்தேன். எங்கள் ஆலையின் முத்திரை. கீழே, உலையில் பதம் பார்த்து விடுகிறவர் உளியால் வெட்டும் அடையாளம். சிறிய சிலுவை. ஏசுவடியானுடையது.

அது உடையவில்லை. கொஞ்சம்கூட முனகவில்லை. மெதுவாக மூச்சு வாங்கி, பாரத்தை வாங்கிக்கொண்டு, தன் வளைவுக்குத் திரும்பியது. நான் தலையை வெளியே இழுத்துக்கொண்டேன். லாரி கிளம்பிப் போயிற்று.